மழைக்காரர் ஏற்றிய கூண்டு

நம் வயதுக்காரர்களுக்கு வானிலை அறிக்கை எதற்கு என்று நான் நினைப்பதுண்டு. வலது முழங்கால் குத்தினால் தூறல். இரண்டும் சேர்ந்து குத்தினால் அடைமழை. ஆனால் வீட்டில் யார் நம்புகிறார்கள்? போன மாதம் மருமகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருந்தார்கள். கனமழை, தாழ்வான இடங்களில் வெள்ள அபாயம், தேவையில்லாமல் வெளியே போகாதீர்கள். இடப்பள்ளியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். வெள்ளம் ஒன்பது மாடி ஏறி வருவதற்குள் சாவகாசமாக ஒரு சாயா குடித்துவிடலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எச்சரிக்கையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. நாம் சிரித்தோம். அதற்காக நனையவும் செய்தோம்.

தாழ்வான இடங்கள் என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு ஒன்பது வயதாகிவிடும். ஏனென்றால் தாழ்வான இடம் என்பது எங்கள் வீடு. மட்டாஞ்சேரியில் கடைத்தெருப் பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரே நீளக் கூரையின் கீழ் பதினொரு வீடுகள். முன்பக்கம் மிளகும் சுக்கும் மணக்கும், பின்பக்கம் காயல். கடலில் ஏற்றம் வந்தால் எங்கள் சாக்கடை காயலை நோக்கி ஓடுவதை நிறுத்திவிட்டு வீட்டை நோக்கி ஓடத் தொடங்கும். அடுப்படி மடை வழியாகக் குட்டி மீன்கள் வந்து எட்டிப்பார்க்கும். நான் அவற்றுக்குச் சோற்றுப் பருக்கை போடுவேன். இறக்கம் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல எல்லாம் திரும்பிப் போய்விடும். உலகத்தில் எல்லா வீடுகளிலும் தண்ணீர் இப்படித்தான் வந்து போகும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்கு அவள் பாதி அக்கா, பாதி அம்மா. தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு மண் சுமக்க வந்தவர். காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவை உண்டாக்கிய காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவர் கொட்டிய மண்ணின் மேல்தான் அப்பாவுக்கு வேலை.

என்ன வேலை என்று கேட்டால் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். தீவின் கரையில் உயரமாக ஒரு கொடிமரம் உண்டு. கடலில் புயல் உருவானால் அதில் கூண்டு ஏற்ற வேண்டும். பகலில் கறுப்புக் கூண்டுகள். இருட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். தந்தி வரும், மேலே உள்ளவர்கள் எண்ணைச் சொல்வார்கள், கயிற்றை இழுத்து ஏற்றுகிறவர் அப்பா. மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்று பார்த்தால் காயலுக்கு அந்தப் பக்கம் அது நன்றாகவே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று இன்று கேட்டால் எனக்குக் குழம்பும். எங்கள் சந்துக்கும் அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அங்கே கறுப்பாக எது தொங்கினாலும் இங்கே ஒரே பொருள்தான்: மழை.

அதனால் சந்தில் அப்பாவுக்குப் பெயர் மழைக்காரர். எதிர்வீட்டுக் கொங்கணி மாமி அப்பளம் காயப்போடும் முன் அப்பாவைக் கேட்பாள். இஞ்சியில் சுண்ணாம்பு தடவி உலர்த்துகிற பெண்கள் வாசலில் நின்று, "மூப்பரே, இன்னு வெயில் உண்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள். முனையில் இருந்த சாயாக்கடைச் சேட்டன் மட்டும் வம்புக்காரர். ஆனால் அவரும் சர்க்கரைச் சாக்கை எங்கே வைப்பது என்று அப்பாவிடம் கேட்காமல் வைக்க மாட்டார். அப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். வாசலுக்கு வந்து, தோளில் துண்டைச் சரி செய்து, மேற்கே பார்த்து, "மூணு மணிக்கு மேல பாத்துக்கலாம்" என்பார். தீர்ப்பு சொல்லும் நீதிபதி கெட்டார். எனக்குப் பெருமை தாங்காது.

மாலையில் ரேடியோவில் வானிலை வரும். அப்பா உட்கார்ந்து கேட்க மாட்டார், எழுந்து நின்று கேட்பார். மலையாளத்தில் அந்தக் குரல், "ஒற்றப்பெட்ட ஸ்தலங்களில் கனத்த மழ" என்று சொல்லும். அங்கொன்றும் இங்கொன்றுமான இடங்களில் கனமழை என்று அர்த்தம். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. யாருமில்லாமல் ஒற்றையாக நிற்கிற இடங்கள் எங்கேயோ இருக்கின்றன, அவற்றுக்குத் துணையாக மழை போய் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மரம், ஒரு பாறை, ஒரு கோயில் குளம், பெய்துகொண்டே இருக்கும் மழை. தூங்கும் முன் அக்காவின் முதுகில் விரலால் அந்த இடங்களை வரைவேன். அவள் "இங்க ஒரு வள்ளம் போடு" என்பாள். வள்ளத்தில் யார் போவார்கள் என்பதில் எங்களுக்குள் சண்டை வரும்.

அக்கா கெட்டிக்காரி. கூண்டு எண்களின் விவரம் அச்சடித்த ஒரு தாளை அப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். முழுவதும் இங்கிலீஷ். அப்பாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அக்கா பன்னிரண்டு வயதிலேயே அதைப் படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் படம் வரைந்து, கீழே தமிழில் எழுதிக் கொடுத்தாளாம். ஒன்றும் இரண்டும் தூரத்துக் கடலில் போகிற கப்பல்களுக்கு. மூன்றிலிருந்துதான் நம் துறைமுகத்துக்கு. அந்தத் தாளை வைத்தே அப்பா மனப்பாடம் செய்தார். "எனக்கு வாத்தியார் என் மோளுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அப்படிப்பட்டவள் டைப்ரைட்டிங் இரண்டு பரீட்சையும் தேறி இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று அம்மியின் ஓரத்தில் விரல்களை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பாள். அந்த ஐப்பசியில், இங்கே துலாம் என்பார்கள், ஒரு கடிதம் வந்தது. தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகம். டைப்பிஸ்ட் வேலைக்கு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரவேண்டும்.

அக்கா கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு கொல்லைக்குப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்து அழுதாள். அம்மா பதறிப்போய், "ஏளா, கிடைச்சதுக்கா அழுவாங்க?" என்றாள். சந்து முழுக்கச் சேதி பரவிவிட்டது. கொங்கணி மாமி தன் நீலப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாயாக்கடைச் சேட்டன் எனக்கு ஓசியில் ஒரு பழம்பொரி தந்து, "சேச்சி ஆபீசராகும்போ நம்மள மறக்கருது கேட்டோ" என்றார். எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அவள் வேலைக்குப் போய்விட்டால் யார் முதுகில் நான் வரைவது?

அப்பா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கினார். அதன் தலைப்பில் இருந்த கட்டடத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம கொடிமரத்துக்கு எதிர்க்கட்டடம்லா" என்றார். "ஆமாப்பா. நீங்க கயிறு இழுக்கறதை நான் ஜன்னல்லேருந்து பாக்கலாம்" என்றாள் அக்கா. அப்பா சிரித்தார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. பெரியவர்கள் சாப்பிடாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

புதன்கிழமை அப்பா வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கூண்டு ஏத்தியாச்சு" என்றார்.

"எத்தனை?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"மூணு."

அதைக் கேட்டு இரண்டு வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். மாலை ரேடியோவும் அதற்கு ஒத்து ஊதியது: தெற்கிலும் நடுக் கேரளத்திலும் சில இடங்களில் கனமழை, தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறலாம், எச்சரிக்கையாக இருக்கவும். துலா மாதத்தில் வாரத்துக்கு ஒருமுறை அது அப்படித்தான் சொல்லும். ஆனால் அன்று அப்பா சந்தின் நடுவில் நின்று சொன்னார். "எல்லாத்தையும் மேல ஏத்துங்க. வெள்ளம் கேறும்."

மழைக்காரர் சொன்னால் மறுபேச்சு உண்டா? பதினொரு வீடும் ஒரே நேரத்தில் உயரத் தொடங்கியது. உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல். கட்டிலின் மேல் மேசை. மேசையின் மேல் அரிசிப் பானை. பானையின் மேல் அப்பாவின் ரேடியோ. விறகு பரணுக்குப் போயிற்று. கோழிகளைக் கூடையோடு உத்தரத்தில் கட்டினோம், அவை அங்கிருந்து எங்களைக் கேவலமாகப் பார்த்தன. சாமி படங்களை அம்மா ஒரு ஆணி மேலே மாற்றினாள். எனக்கு மேசையின் ஓரத்தில், பானையை ஒட்டிப் படுக்கை. ஓட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் படுத்ததில்லை. ஓட்டிடுக்கில் சிலந்தி வலை, அதில் ஒரு மிளகின் தோல், கண்ணாடி ஓடு வழியாக மங்கலாகக் கொஞ்சம் வானம். வீடு கரையை விட்டு மெல்லக் கிளம்பிவிட்டது, நாங்கள் எல்லோரும் அந்த ஒற்றையான இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் படுத்ததே இல்லை.

கீழே அம்மாவின் குரல் கேட்டது. "அப்ப நாளைக்கு இவ எப்படிப் போவா?"

"போகண்டாம்" என்றார் அப்பா. "போட் ஓடாது."

"உங்களுக்கு?"

"எனக்கு ஆபீஸ் லாஞ்ச் வரும். என் வேலை அதுல்லா."

"அந்த லாஞ்சில இவளையும்..."

"அதில பெண்ணுங்களைக் கேத்த மாட்டாங்க. நான் ஏத்தின கூண்டுக்குக் கீழே என் மோளே போட்டில போனா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? வேற வேலை வரும். உயிரு வருமா?"

அக்கா நீலப் பட்டுப்புடவையை மடித்து, என் தலைமாட்டில் உயரமான இடத்தில் வைத்தாள்.

விடிந்தபோது கண்ணாடி ஓடு வழியாக வெயில் என் கண்ணிலேயே விழுந்தது. மழையில் கழுவிய வெயில் இல்லை. சுத்தமான, காய்ந்த, இஞ்சி உலர்த்துகிற வெயில். சந்தில் எல்லோரும் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். எட்டு மணிக்குப் படகின் மணிச்சத்தம் காயல் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது. எட்டரைக்கு இன்னொன்று. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

ஒன்பது மணிக்கு அக்கா குளித்துவிட்டு வந்து புடவையைக் கட்டினாள். செங்கல் மேல் நின்ற கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. புடவைக் கரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா வந்து நின்று பார்த்தாள். பிறகு, "போய்ட்டு வாளா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். அம்மா அப்பாவுக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் படகுத்துறைக்குப் போனோம். காயல் அன்று ஒரு பெரிய தாம்பாளத்தில் ஊற்றிவைத்த எண்ணெய்போல அசையாமல் இருந்தது. மறுகரையில் கொடிமரம், அதில் கறுப்பாகக் கூண்டு, அதன் அடியில் எறும்பளவுக்கு ஓர் ஆள். அப்பாதான் என்று நான் கையை ஆட்டினேன். படகு வந்து நின்றிருந்தது. கறிகாய்க் கூடைக்காரிகளும் அலுவலகக்காரர்களும் சிரித்துப் பேசியபடி ஏறினார்கள். கயிறு அவிழ்க்கிற சேட்டன் அக்காவைப் பார்த்து, "கேறிக்கோ மோளே, இப்போ விடும்" என்றார்.

அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூண்டைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. படகு மணி அடித்தது. "மோளே?" என்று அந்தச் சேட்டன் மறுபடியும் கேட்டார். அக்கா வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். படகு போயிற்று. தண்ணீரில் அது விட்டுப்போன கோடு கரைக்கு வந்து படிகளில் மெல்லத் தட்டியது. அவள் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். வரும் வழி முழுக்க நான் தின்றுகொண்டே வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா போகாததில் எனக்குச் சந்தோஷம்தான்.

மூன்று நாள் ஒரு துளி விழவில்லை. மூன்றாம் நாள் மாலை சந்து தன் சாமான்களைக் கீழே இறக்கியது. கோழிகள் இறங்கி நடக்க மறந்துவிட்டிருந்தன. சாயாக்கடைச் சேட்டன் அப்பாவைக் கண்டதும் காலியான வாளியைக் கவிழ்த்துக் காட்டி, "எந்தா மூப்பரே, வெள்ளம் இதில உண்டோ?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அப்பா பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த நாளும் கேலி, அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் அந்தக் கடைப் பக்கமாகவே நடந்து, அதை வாங்கிக்கொண்டு வந்தார். சுற்றிப் போக வேறு வழி இருந்தது. ஏன் அதில் போகவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வேறொரு தேதி கொடுக்கும்படி அக்கா எழுதினாள். பதில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அமாவாசையன்று, நிஜமாகவே வானம் கறுத்தது. மதியத்திலிருந்தே அப்பா வீடு வீடாகப் போனார். "ஏத்தம் பெருசு. மழையும் சேந்து வருது. மேல ஏத்துங்க" என்றார். மாமி சிரித்தாள். இஞ்சிக்காரிகள் பாயைச் சுருட்டவில்லை. சேட்டன் அதே வாளியை எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டில் மட்டும் கட்டிலின் கீழே செங்கல் போயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெய்யத் தொடங்கிய மழைக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. காயல் படியேறி, சந்து ஏறி, எல்லா வாசல்களையும் ஒரே சமயத்தில் தாண்டியது. என் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அதில் மாமியின் அப்பளங்கள் நிலாக்கள் மாதிரி மிதந்து போயின. யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஒரு செம்பு, ஒரு கணக்குப் பாடநோட்டு. நான் மேசைமேல் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். சேட்டனின் இரண்டு மூட்டைச் சர்க்கரையும் காயலோடு போயிற்று. அந்த வாரம் முழுக்க எங்கள் மடைக்கு வந்த மீன்கள் தித்தித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்ததும் சேட்டன் எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூப்பர் பறஞ்ஞது கேட்டில்ல. தெற்று என்றேதா" என்றார். தப்பு தன்னுடையது என்று அந்த வம்புக்காரர் கண் கலங்கிச் சொல்கிறார். அப்பா கையை உருவிக்கொண்டார். "இல்ல சேட்டா, தப்பு என்னோடது" என்றார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். மழைக்காரரின் பெயர் பழையபடி ஏறிவிட்டது. அப்பா அதன்பிறகு யாருக்கும் மழை சொல்லவில்லை. கேட்டால், "ரேடியோவில கேளுங்க" என்று உள்ளே போய்விடுவார்.

அடுத்த தை மாதம் அக்காவுக்குப் பாலக்காட்டில் கல்யாணமாயிற்று. அத்தான் நல்ல மனிதர், அரிசி ஆலையில் வேலை. அக்கா மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். ஒரு டைப்ரைட்டர் முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டி.வி. பார்க்கும்போது மட்டும் அவள் விரல்கள் மடியில் தாமாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா போனபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பி, அம்மாவும் அசந்து தூங்கிவிட்டாள். மட்டாஞ்சேரி வீட்டின் அடுப்படியில் அக்காவும் நானும் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் ஏதோ பேச வேண்டுமே என்று, "அப்பா ஏத்தின கூண்டு வாழ்நாள்ல ஒரு தடவைதான் பொய்யாச்சு, அதுவும் உன் இன்டர்வியூ அன்னிக்குப் பாத்து" என்றேன்.

"கூண்டு பொய்யாகல்ல" என்றாள் அக்கா. "அன்னிக்கு ஏத்தியிருந்தது ஒண்ணாம் நம்பர். எங்கேயோ குஜராத் பக்கம் நடுக்கடல்ல புயல். நம்ம போட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. துறையில நின்னு பாத்தேன்ல."

என் கையில் இருந்த தட்டை நான் கீழே வைத்துவிட்டேன். அப்பாவா? மூணு என்று சொன்ன அப்பா, அதற்காகப் பதினொரு வீட்டையும் உயரத்தில் ஏற்றிய அப்பா, பொய் சொன்னாரா? எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. செத்துப் பதினாறு நாள் ஆன மனிதர்மேல் வரக்கூடாத கோபம். "உன்னை வேலைக்கு அனுப்ப இஷ்டமில்லேன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"மெல்லப் பேசு, அம்மா முழிச்சுக்குவா" என்றாள். "அவருக்கு இஷ்டமில்லாம இல்ல. அந்தக் கட்டடம்தான் வேண்டாம்னு இருந்தது."

பிறகு அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கடிதம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, அப்பா ஒருநாள் சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதை எடுத்துக்கொண்டு படகில் போயிருக்கிறாள். கொடிமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஏஜென்ட் அலுவலகத்தின் மாடி ஜன்னலில் ஓர் ஆள் நின்றிருந்தான். அக்காவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், மானேஜர். "எடா பாண்டி! இன்னு மழ பெய்யுமோடா?" என்று கீழே பார்த்துக் கத்தினான். தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிட அங்கே 'பாண்டி' என்பார்கள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பெய்யும் சாரே" என்றார். "பெய்தில்லெங்கில் நினக்கு உண்டுடா" என்று, பெய்யாவிட்டால் உனக்கு உதைதான் என்கிற மாதிரி, அவன் சிரித்தான். ஜன்னலில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அக்கா ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஜன்னல் காலியாகிக் கால் மணி நேரம் கழித்து, அப்போதுதான் படகிலிருந்து இறங்கி வருகிறவள்போல மூச்சு வாங்க ஓடிவந்து பாத்திரத்தைக் கொடுத்தாள்.

"என்னைய அவன் மிஸ்ஸுன்னு கூப்பிடுவான். அப்பாவை எடான்னு கூப்பிடுவான். ஒரே ஜன்னல்லேருந்து" என்றாள் அக்கா. "அவருக்கு அது பழகிப்போச்சு. அதை நான் காதால கேக்கறதைத்தான் அவரால தாங்க முடியாது."

"அதான் நீ முன்னாடியே கேட்டாச்சே!" என்றேன் நான். "அவர்கிட்ட, எனக்கு எல்லாம் தெரியும்பா, நான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை உன் கையில இருந்திருக்கும். ஏன்க்கா சொல்லல்ல?"

அக்கா துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா, நான் கேட்டுட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள்.